மச்சானுக்குக் கட்டம் இல்லாத படிவம்

உங்கள் மாமா பத்து நாள் நம் வீட்டுப் பக்கமே வராமல் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சின்னவன் தினமும் கேட்டான். மாமாவுக்கு வேலை என்று சொல்லி மழுப்பினேன். உண்மையில் அந்தப் பத்து நாளும் அவர் வேலைக்கே போகவில்லை. காரணம் நான்தான். நான் என் கையால் நிரப்பிய ஒரு படிவம்தான். அதை இப்போது எழுதி வைக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடமும் இடைநிலைப்பள்ளியில் மூன்று வருடமும் படித்தவன் நான். எழுத்து ஒரே நேராகப் போகாது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நம் தொழில் உங்களுக்குத் தெரியும். கூடாரம் போடுவது. எல்லோரும் கெமா என்பார்கள். கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, சாவு வீடோ, முதல் ஆளாகப் போய் நிற்பது நாங்கள்தான். விருந்தாளிகள் வரும்போது நாங்கள் இருக்க மாட்டோம். காற்று அசையாத காலையில் வெள்ளைத் துணியைப் புல்தரையில் விரித்து, அதன் நடுவில் செருப்பில்லாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தண்ணீர் மேல் நிற்பது மாதிரி இருக்கும். பதினோரு வருடமாகப் பார்த்தும் எனக்கு அந்த மயக்கம் தீரவில்லை. துணியின் நான்கு மூலையையும் நாங்கள் தூக்கிக் கட்டக் கட்ட, கீழே கிடந்த வெள்ளை மெல்ல மெல்ல மேலே போகும். கடைசி மூலையை எப்போதும் உங்கள் மாமாதான் கட்டுவார். உயரமான கம்பம், உச்சி முடிச்சு எல்லாம் அவருடையது.

அவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தவர். நான் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய லோரியும் இரண்டு கூடாரமும் வாங்கியபோது, யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார். "மாப்ள தனியா என்ன பண்ணுவான்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு நாளும் அவர் என்னிடம் வேலை செய்கிறார் என்று நானும் நினைத்ததில்லை, அவரும் நினைத்ததில்லை. மாதக் கடைசியில் உறையை அத்தை கையில்தான் கொடுப்பேன், அவர் கையில் கொடுத்ததே இல்லை. அவர் அந்த நேரத்தில் தோட்டத்தில் ஏதோ வேலை இருப்பது போல் எழுந்து போய்விடுவார். உங்கள் மூன்று பேருக்கும் அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினோம். அப்படிப்பட்டவரை எப்படி வேலைக்காரர் என்று நினைப்பது?

இந்த நினைப்புதான் என்னைத் தவறு செய்ய வைத்தது.

சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலை தன் விளையாட்டு நாளுக்கு எட்டுக் கூடாரம் கேட்டது. பெரிய வேலை. ஆனால் அங்கே பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரி ஒரு தாள் கேட்டார். வேலையிடத்தில் ஆளுக்கு அடிபட்டால் பார்த்துக்கொள்ளும் காப்புறுதியில் என் தொழிலும் ஆட்களும் பதிவாகி இருக்க வேண்டும், அந்த அத்தாட்சி இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பதினோரு வருடமாக நான் பதியவே இல்லை. நாலு பேர் கூடிக் கம்பம் நடுவதெல்லாம் ஒரு கம்பெனியா என்று இருந்துவிட்டேன்.

பெரியவளே, கணினியில் முயன்று பார்த்து, எங்கேயோ சிக்கிக்கொண்டு, கடைசியில் நீதான் படிவத்தை, நாம் போராங் என்கிறோமே அதை, அச்சடித்துக் கொடுத்தாய். "அப்பா, இத நேர்ல போய்க் குடுத்துருங்க லா" என்றாய். போனேன். அந்த அலுவலகத்தில் எண் சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் எனக்குக் கண் செருகியது. குளிரூட்டியின் சத்தம் மழை போல இருந்தது. எதிரில் ஒருவர் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு அதைத் தடவிக்கொண்டே இருந்தாள், தூங்கும் பூனையைத் தடவுவது போல. என் மடியில் படிவம். ஆட்களின் பெயர் எழுதும் கட்டங்கள்.

முதல் இரண்டு கட்டத்தில், நம்மோடு வேலை செய்யும் பீடோங் ஊர் அண்ணன் தம்பி இருவர் பெயரையும் எழுதினேன். மூன்றாவது கட்டத்துக்குப் பேனா போனது. மேலே 'பெக்கெர்ஜா' என்று அச்சடித்திருந்தது. வேலை ஆள் என்று அர்த்தம். அதற்குக் கீழே என் மச்சான் பெயரா? பெண் கொடுத்த வீட்டு மனுஷனையா? பேனாவை எடுத்துவிட்டேன். அது மரியாதை என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது.

கவுண்டரில் முக்காடு போட்ட ஓர் இளம் மலாய்க்காரப் பெண். படிவத்தை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, இன்னும் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"தா அடா," இல்லை என்றேன்.

பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை. பதிவு முடிந்தது. தொழிற்சாலை வேலையும் நல்லபடியாக முடிந்தது. அன்று எட்டாவது கூடாரத்தின் உச்சியில் நின்று கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டவர் உங்கள் மாமா. பாதுகாப்பு அதிகாரி கீழே நின்று அத்தாட்சித் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். அதில் இல்லாத ஒரே ஆள், அந்த வளாகத்திலேயே மிக உயரத்தில் இருந்த ஆள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது கோத்தா கோலா மூடாவில்.

அங்கே ஒரு நிச்சயதார்த்தம். கடலைப் பார்த்த வீடு. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் தண்ணீருக்கு நிறம் பிடிபடாது, ஒரு பக்கம் தேநீர், ஒரு பக்கம் ஈயம். மீன்பிடிப் படகுகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. மதியம் இரண்டு மணி இருக்கும். மூன்று மூலை கட்டியாகிவிட்டது. நாலாவது மூலையில் மாமா ஏணியின் மேல் நின்றார். சவுக்கு மரங்கள் முதலில் சத்தம் போட்டன. அப்புறம் காற்று வந்தது.

துணி மூச்சு இழுத்தது போல உப்பியது. நான் கீழே கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். ஏணி சத்தமில்லாமல் சாய்ந்து விழுந்தது. ஆனால் அவர் ஏணியோடு வரவில்லை. கயிறு கையில் சுற்றியிருந்தது. வெள்ளைத் துணி அவரைத் தூக்கியது. என் கண்ணுக்கு அது மிக மெதுவாக நடந்தது. அவருடைய கட்டம் போட்ட சட்டை, முட்டி தேய்ந்த கால்சட்டை, ஒற்றைச் செருப்பு. மற்றச் செருப்பு தனியாக விழுந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் கடல். அவர் முகத்தில் பயம் இல்லை, யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்ப்பவர் மாதிரி ஒரு முகம். பிறகு துணி அவரை விட்டுவிட்டது.

மணலில் விழுந்தார். மூன்று அடி தள்ளிப் படகு இழுக்கும் இரும்பு உருளை இருந்தது.

நாங்கள் ஓடினோம். மல்லாந்து கிடந்தார், கண் திறந்திருந்தது. நான் அவர் நெஞ்சைத் தொடுவதற்குள் என் மனதில் வந்தது என்ன தெரியுமா? கடவுள் பெயர் இல்லை. அந்தப் படிவத்தின் மூன்றாவது கட்டம். வெறுமையாக, வெள்ளையாக, நான் விட்டு வைத்த கட்டம். இவர் எழுந்திருக்காமல் போனால், இங்கே இவர் வேலைக்கே வரவில்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் அத்தையிடமும் அவர் இரண்டு பெண்களிடமும் போய் நான் என்ன சொல்வேன்?

"மாப்ள," என்றார் மாமா, வானத்தைப் பார்த்தபடியே. "பறந்தேன் பாத்தியா?"

பீடோங் தம்பி சிரித்துவிட்டான். "டிக்கெட் இல்லாம பறக்குறீங்க அண்ணே!"

"போடா, பொறாமக்காரா. பாப்பாகிட்ட யாரும் வாயத் தொறக்கக் கூடாது, ஆமா."

பாப்பா என்பது உங்கள் அம்மா. இடுப்பில் சிராய்ப்பு, கையில் கயிறு அறுத்த காயம், அவ்வளவுதான். ஆனால் பெண் வீட்டார் தேநீர் கொடுத்தபோது பார்த்தேன். குவளையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரு வாய்கூடக் குடிக்காமல் ஆறவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும்போது லோரியில் நாங்கள் இருவர் மட்டும். இரண்டு பக்கமும் வயல். தண்ணீர் கட்டிய வயலில் மேகம் கிடந்தது, லோரி வானத்தின் நடுவில் போவது போல இருந்தது. அந்த அமைதியில் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்து வாயைத் திறந்தேன்.

"மச்சான், அந்த போராங்ல உங்க பேரையும் போட்டுரலாம்னு பாக்குறேன்."

"எந்த போராங்?"

"அந்தக் காப்புறுதி. வேலைக்காரங்க பேரு போடுறது."

அவர் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். பிறகு, "யாரு பேரு?" என்றார்.

"எல்லாரு பேரும்தான். ரெண்டு பேரு போட்டாச்சு. உங்க பேரு மட்டும்தான்..."

"வேலைக்காரங்க லிஸ்ட்டுல."

"அது சும்மா பேப்பர் லா மச்சான்."

"லோரிய நிறுத்து."

"மச்சான்..."

"நிறுத்துங்க மொதலாளி. கூலிக்காரன் எறங்கிக்கிறேன்."

அந்த 'முதலாளி' என் கன்னத்தில் விழுந்தது. நிறுத்தினேன். அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். ஓங்கிச் சாத்தியிருந்தால் பரவாயில்லை, மெதுவாகச் சாத்தினார். "என் தங்கச்சியக் குடுத்த வீட்டுக்கு ஒத்தாசைக்குத்தான் வந்தேன். பேரு பதிஞ்சு வேலைக்கு வரல." தன் வீடு இருக்கும் சிடாம் கிரிக்குத் திரும்பும் சாலையில் நொண்டி நொண்டி நடந்து போனார். அவருக்குப் பின்னாலேயே லோரியை மெதுவாக ஓட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போனேன். அவர் திரும்பவே இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார்.

அப்படி ஆரம்பித்ததுதான் அந்தப் பத்து நாள்.

இடையில் பெண்டாங்கில் ஒரு கல்யாண வீடு. உச்சி முடிச்சுக்கு ஆள் இல்லை, நானே ஏறினேன். மேலே போனதும் கீழே இருந்த குரலெல்லாம் அடங்கியது. கண்ணுக்கு எட்டும்வரை நெல், ஒரே பச்சை. நடுவில் ஒற்றைக் கொக்கு, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கைக்குட்டை போல. காற்று வந்தால் பச்சை முழுவதும் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்தது. பதினோரு வருடமாக அவர் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான் என்று நினைத்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்த உயரத்தில் மச்சானும் இல்லை, முதலாளியும் இல்லை. எலும்பும் சதையும் ஒரு கயிறும்தான். இத்தனை நாள் அவரை மதித்தேன் என்று சொல்லிக்கொண்டேனே, அந்த மதிப்பு அவர் காலுக்குக் கீழே ஒரு பலகைகூடப் போடவில்லை.

கீழே வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். "என்னா தம்பி, கெமா ஒரு பக்கம் சாயுதே? எங்க அந்த மீசக்காரரு?"

"அவரு லீவு அண்ணே."

"லீவ முடிச்சுக்கச் சொல்லுங்க. பொண்ணு மாப்பிள்ள மேல சாஞ்சா போதும், கெமா சாய வேணாம்."

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பறந்ததையும் சேர்த்து. அவள் முதலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு கோபப்பட்டாள். அண்ணன் மேல் என்று நினைத்தேன். இல்லை, என் மேல்.

"எப்படிக் கேட்டீங்க?"

"லோரில வரும்போது கேட்டேன்."

"எங்கண்ணன லோரில வச்சா கேக்கறது? காது குத்துக்கு எப்படிப் போய்க் கூப்பிட்டீங்க? ஸ்டேரிங்கப் புடிச்சுக்கிட்டா கூப்பிட்டீங்க?"

"தட்டு எடுத்துட்டுப் போனோம்."

"அப்ப?"

"போராங்குக்கு யாராவது தட்டு வைப்பாங்களா?"

"நாம வைப்போம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் குளித்து, வேட்டி கட்டி, பித்தளைத் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு லோரியில் உட்கார்ந்தேன். அம்மா ஓட்டினாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நாலு ஆரஞ்சு, கொஞ்சம் கதம்பம், சந்தனம். அதன் நடுவில் சந்தனம் படாமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் புதுப் படிவம். சிடாம் கிரி சாலையில் பனி இன்னும் விலகவில்லை. ரப்பர் மரங்கள் பாதி இருந்தன, பாதி இல்லை. நான் யாரையோ பெண் கேட்கப் போகிறேன் என்று என் மனம் என்னையும் மீறி நினைத்துக்கொண்டது, சிரிப்பு வந்தது. சிரிக்கப் பயமாகவும் இருந்தது. அவர் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டால் அப்புறம் கேட்க வேறு வழி கிடையாது. இனி அவர் என்னோடு வரவும் மாட்டார். அல்லது வருவார், அதே வெறும் கட்டத்தோடு மேலே ஏறுவார். இரண்டாவதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

உங்கள் மாமா வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். வேட்டியையும் தட்டையும் பார்த்ததும் கையில் இருந்த குழாயைக் கீழே போட்டார். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது.

"என்னா மாப்ள? பெரியவளுக்கு முடிச்சாச்சா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல!" உள்ளே பார்த்துக் கத்தினார். "இந்தா, ஓடியா, கல்யாணம்கிறாங்க!"

"ஐயோ மச்சான், அவ படிக்கிறா. கல்யாணம் இல்ல."

"அப்ப காது குத்தா? யாருக்கு, உனக்கா?"

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் தட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். உள்ளே மனனம் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்து போயிற்று.

"மச்சான், நீங்கதான் வந்து நிக்கணும்," என்றேன். காது குத்துக்கு அழைத்தபோது சொன்ன அதே வார்த்தை. வேறு எதுவும் வாயில் வரவில்லை. "நீங்க இல்லாம என்னால தொழில் பண்ண முடியாது. ஆனா உங்க பேரு இல்லாம இனிமே உங்கள மேல ஏத்த மாட்டேன்."

அவர் பழங்களுக்கு நடுவில் இருந்த படிவத்தைப் பார்த்தார். மீசை லேசாக அசைந்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"இதுக்கா தட்டு?"

"இதுக்குத்தான்."

"இதுல என்னன்னு போடுவ?"

"'பெக்கெர்ஜா'ன்னுதான் இருக்கு மச்சான். வேற கட்டம் இல்ல."

"மச்சானுக்குன்னு ஒரு கட்டம் இல்லையா?"

"கவர்மெண்டுக்கு மச்சான் கெடையாது போல."

உங்கள் அம்மா கொஞ்சம் தள்ளி நின்று புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். "அண்ணே, கோத்தா கோலா மூடாவுல பறந்தீங்களாமே," என்றாள்.

அத்தை திரும்பிப் பார்த்தார். அவருக்கு அதுவரை தெரியாது. "படி தடுக்கிருச்சுன்னு சொன்னீங்க?"

மாமா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

அத்தை அதிகம் பேச மாட்டார், உங்களுக்கே தெரியும். அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் பேசினார். "நீங்க மேல நிக்கிறப்ப ஒங்களுக்கு மரியாத தெரியும். கீழ நானும் ரெண்டு பொட்டப் புள்ளையும் நிக்கிறது தெரியாதா?" சொல்லிவிட்டு வந்து என் கையிலிருந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கி, நேராக உள்ளே சாமி மேடைக்குப் போய்விட்டார்.

நம்மில் தட்டு கை மாறிவிட்டால் பேச்சு முடிந்தது. அது மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் ஓடிக்கொண்டிருந்த குழாயை எடுத்து, தண்ணீரை நிறுத்தி, கால் கழுவிக்கொண்டார்.

"வாங்கிட்டா. இனிமே நான் என்னத்தச் சொல்றது," என்றார். "ஆரஞ்சு இனிக்குமா, இல்ல மொதலாளி மாதிரியா?"

மறுநாள் இரண்டு பேரும் அலுவலகத்துக்குப் போனோம். அவர் மீசையை வாரி, கல்யாணச் சட்டை போட்டு வந்திருந்தார். அதே மழைச் சத்தக் குளிரூட்டி. அதே முக்காட்டுப் பெண். படிவத்தைப் பார்த்து, இவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரா என்று மலாயில் கேட்டாள்.

இல்லை என்றேன். எத்தனை வருடம் என்றாள். பதினொன்று என்றேன். அவள் தலையை நிமிர்த்தினாள். போன தடவை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். என் மலாயில் அதற்கு வார்த்தை இல்லை. தமிழிலும் அன்று இருந்திருக்காது. புவான் என்று மரியாதையாக அழைத்து, என் தவறு என்று மட்டும் சொன்னேன். பழைய வருடங்களுக்கு விளக்கம் கேட்டுத் தனிக் கடிதம் வரும் என்றாள். வரட்டும் என்றேன். மச்சான் பெயர் பதிந்தால் போதும் எனக்கு.

அப்புறம் அவள் மாமாவைக் காட்டி, இவர் உங்கள் வேலையாள்தானே என்று என்னிடம் கேட்டாள். சும்மா, சரிபார்க்க. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கு எழவில்லை. படிவத்தில் எழுதிவிட்டேன். அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை.

மாமா முழங்கையால் என்னை ஒதுக்கிவிட்டுக் கவுண்டரில் சாய்ந்தார். "பெத்துல் புவான். சாயா பெக்கெர்ஜா டியா," என்றார். ஆமாம், நான் இவருடைய ஆள். கணீரென்று, பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். "கெர்ஜா அத்தாஸ். திங்கி சிக்கிட்." மேல வேலை, கொஞ்சம் உயரம்.

அவள் சிரித்துவிட்டுத் தட்டச்சு செய்தாள். இயந்திரம் தாளைத் துப்பியது. மூன்றாவது வரியில் அவர் பெயர், அவர் அப்பா பெயரோடு, முழுசாக. நான் அந்தப் பெயரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. கண்ணால் இரண்டு தடவை படித்தேன்.

வெளியே வெயில் பாலைப் போல ஊற்றிக்கொண்டிருந்தது. எதிர் வரிசையில் ஒரு சாப்பாட்டுக் கடை, வாசலில் ஒருவர் பால் தேநீரை இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தார். மாமா மரத்தடியில் லோரியின் படியில் உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"அங்க உள்ள நீ மொதலாளி. வெளிய வந்தாச்சு. போய் எனக்கு ஒரு தே தாரேக் வாங்கிட்டு வா. சீனி கொற."

நான் சாலையைக் கடந்து ஓடினேன்.